பதினான்கு பலகைகளும் ஒரு முதிரைக் கதவும்

டிசம்பர் 30, திங்கட்கிழமை. காலை 9.10.

பொலித்தீன் உறையை அறுத்து விரித்தபோது உள்ளே கதவு இல்லை. கதவின் உயரத்திலும் அகலத்திலும் இரண்டு சாம்பல் நிறப் பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

"என்ர கதவெங்கை?" என்றார் கதிர்காமநாதன்.

ஜெயரூபி கையிலிருந்த தாளைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு விடயங்கள் அடங்கிய ஒப்படைப்புப் பட்டியல். நாற்பத்தொன்றுக்குச் சரி போட்டாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்று இந்தக் கதவு.

கிளிநொச்சியில், பெரிய வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் இருந்தது அந்த வீடு. கமக்காரருக்கு உதவும் நிறுவனம் ஒன்று பதினொரு வருடங்களாக அதை வாடகைக்கு எடுத்து அலுவலகம் நடத்தியது. திட்டம் முடிந்தது. கொழும்பிலிருந்தவர்கள் ஒரு மின்னஞ்சலில் கதையை முடித்துவிட்டார்கள்: வீட்டைப் பழையபடி ஆக்கி ஒப்படைத்துவிட்டு வரவும். பழையபடி ஆக்குவது என்றால் என்னவென்று அவர்களுக்கு என்ன தெரியும்? கழற்றியதைப் பூட்ட வேண்டும், பூட்டியதைக் கழற்ற வேண்டும். ஆணி அடித்த ஓட்டையை அடைக்க வேண்டும். மார்கழி மழையில் பெயின்ற் காய வேண்டும். அது காயாது. காய்ந்தாலும் வீட்டுக்காரர் விரலால் தொட்டுப் பார்ப்பார். அலுவலக நிர்வாகம் பார்த்த ஜெயரூபி மூன்று கிழமையாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

முன்வாசலில் முன்பு நின்றது இரட்டைக் கதவு, முதிரை மரம். 2014இல் அதைக் கழற்றிக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். பழைய கதவைப் பொலித்தீனில் சுற்றி, கயிறு வரிந்து, பின்னறையில் சுவரோடு சாய்த்து வைத்துப் பூட்டினார்கள். இன்று பின்னேரம் மூன்று மணிக்குத் தச்சர் வந்து அதைத் திரும்பப் பூட்டுவதாக இருந்தது. நாளை செவ்வாய்க்கிழமை ஒப்படைப்பு.

அந்த ஏற்பாட்டைக் கெடுத்தவர் வீட்டுக்காரர் கதிர்காமநாதன்தான். நேற்றுக் காலை வவுனியாவிலிருந்து தொலைபேசியில் கத்தினார். "செவ்வாய்க்கிழமை வீட்டுத் திறப்புக் கைமாறுறதோ? உங்கட கொழும்பு ஆக்களுக்கு நாள் கோள் ஒண்டும் தெரியாதோ பிள்ளை?" அவர் கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் நம்பிப் பழக்கமில்லாதவர். இன்று காலை முதலாவது பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார். ஒப்படைப்பு இன்றைக்கு மாறியதைத் தச்சருக்குச் சொல்ல ஜெயரூபி ஆறு தடவை அழைத்தாள். தொலைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"கேக்கிறன், கதவெங்கை? என்ர அப்பா இந்த வீட்டுக்கெண்டே செய்விச்ச கதவு!"

"ஐயா, ஒரு நிமிசம் பொறுங்கோ."

"பதினொரு வருசம் பொறுத்தாச்சு. பின்னறைத் திறப்பு ஆரிட்டை?"

காவலாளி தங்கராசா இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டபடி நிமிர்ந்தார். சற்று முன்னர் அந்தப் பொதியைத் தனி ஆளாகத் தோளில் சாய்த்துத் தூக்கிவந்து விறாந்தையில் நிறுத்தியவர் அவர்தான். "என்னட்டை, ஐயா. ஒரே ஒரு திறப்பு."

அவ்வளவு போதும். கதிர்காமநாதன் விறாந்தை விளிம்புக்கு வந்தார். எதிரே தேத்தண்ணிக் கடை. மழைக்கு ஒதுங்கிய ஐந்தாறு பேர் அதன் நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டுறவுக் கூட்டங்களில் பழகிய குரல் அது, ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "காவலுக்கு வைச்சவனே கதவைக் களவெடுத்து வித்திருக்கிறான்! ரெண்டு மணிக்குள்ள கதவு வரோணும். இல்லாட்டிப் பொலிசில முறைப்பாடு!"

வாங்கில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

தங்கராசா நின்ற இடத்திலேயே நின்றார். நாளை மறுநாள் பரந்தனில் ஒரு விதைநெல் களஞ்சியத்தில் அவருக்கு வேலை தொடங்குகிறது. அதற்குப் பொலிஸ் அத்தாட்சி கேட்டிருந்தார்கள். முறைப்பாடு பதிந்தால் அந்த வேலை இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் வேறு வேலையும் இல்லை. அது ஜெயரூபிக்கும் தெரியும்.

காலை 9.40.

"தங்கராசா அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. பின்னறையைக் கடைசியா எப்ப திறந்தனீங்கள்?"

"போன கிழமை ரெண்டு தரம், மிஸ். செவ்வாய் பெயின்ற் அடிக்க. சனி தச்சர் கதவை அளக்க."

"அதுக்கு முதல்?"

"வருசத்துக்கு ஒருக்கா, கறையான் பாக்க. உறையை ஒருநாளும் பிரிச்சதில்லை."

"திறப்பை ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"இடுப்பில கட்டினது. குளிக்கேக்கையும் கழட்டினதில்லை."

"அதுதான் சொல்லுறன்," என்று கதிரையிலிருந்து குறுக்கிட்டார் கதிர்காமநாதன். "அவன்ர வாயாலேயே வருகுது. பதினொரு வருசத்தில எந்த நாள் வித்தானோ!"

ஜெயரூபி பின்னறையைப் போய்ப் பார்த்தாள். ஆமைப்பூட்டில் கீறல் இல்லை. யன்னல் கம்பிகள் அசையவில்லை. கூரை ஓடு ஒன்றும் விலகவில்லை. பூட்டிய அறையிலிருந்து ஏழடி உயரக் கதவு காற்றாய்ப் போயிருந்தது.

பெயின்ற் அடித்த றிஃபாத் குசினிச் சுவரில் ஈரம் ஊறிய இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். முல்லைத்தீவுக்காரன். வாய் ஓயாது.

"றிஃபாத், செவ்வாய்க்கிழமை பின்னறையில பொதி இருந்ததோ?"

"இருந்தது மிஸ். நல்லா இருந்தது. நீங்கதானே பொதிக்குப் பின்னால உள்ள சுவருக்கும் அடிக்கச் சொன்னீங்க. தனியத் தள்ளிப் பாத்தன், என்ர நாரி போச்சு. பிறகு தங்கராசா அண்ணனும் வந்து பிடிச்சுத்தான் ஒரு சாண் நகந்தது. இப்பவும் குனிஞ்சா நிமிர ஏலாது. ஒப்பந்தத்தில நாரிக்கு ஏதும் எழுதியிருக்கா?"

"இல்லை."

"கதவுக்கு நாலு பக்கம், நாரிக்கு ஒரு வரி இல்ல," என்றான் அவன் சுவரிடம்.

ஜெயரூபிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மனதில் ஏதோ ஒன்று இடறியது. அவள் விறாந்தைக்குத் திரும்பி வந்து, எல்லாரும் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்த அந்த இரண்டு சாம்பல் பலகைகளுக்கு முன்னால் குந்தினாள்.

காலை 10.25.

ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் சின்னதாய் ஒரு ஒட்டுத்தாள் இருந்தது. அலுவலகத்தில் பேனாவைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் சொத்து இலக்கம் ஒட்டியிருந்தார்கள். பலகை 9. பலகை 10. ஒன்பதின் நடுவில் பசைநாடா உரித்த தடம். அவள் தன் நாட்காட்டியை ஒட்டிவைத்த இடம் அது. வெள்ளிக்கிழமை பின்னேரம்வரை அந்தப் பலகை அவள் கதிரைக்குப் பின்னால் மறைப்பாக நின்றது.

"அண்ணை, கேற் கொப்பியைக் கொண்டு வாங்கோ."

படலையால் உள்ளே வருவதும் வெளியே போவதும் அந்தக் கொப்பியில் ஏறாமல் நடக்காது. ஒருமுறை ஒரு மாடு புகுந்ததைக்கூடத் தங்கராசா நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமைப் பக்கத்தில் இப்படி இருந்தது:

"10.20 லான்ட்மாஸ்டர் உள்ளே. தச்சர் அப்புத்துரை, மருமகன். ஆள் இரண்டு. 11.00 தண்ணீர் பவுசர் உள்ளே. 11.30 பவுசர் வெளியே. 12.05 லான்ட்மாஸ்டர் வெளியே. மறைப்புப் பலகை 14." பக்கத்தில் அப்புத்துரையின் கையொப்பம்.

மேசைகளுக்கு இடையில் நின்ற மறைப்புகளை அன்று கழற்றியதும் அப்புத்துரைதான். பழைய பலகை யாருக்கும் தேவைப்படவில்லை. அவருடைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் அவரையே கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

"பதினாலையும் எண்ணினனீங்களோ?"

"எண்ணாமல் எழுதுவனே மிஸ்? மழை எண்டு தறப்பாள் மூடியிருந்தது. பின்பக்கத்தால ஓரத்தை எண்ணினனான். பதினாலு. சரியா."

ஜெயரூபி கொப்பியை மூடினாள். "சரிதான். அதுதான் பிழை."

காலை 10.50.

"ஐயா, உங்களுக்கு ஒரு கணக்குக் கேக்கிறன். சங்கக்கடையில இருந்தனீங்கள், உங்களுக்கு லேசு. இந்த அலுவலகத்தில மறைப்புப் பலகை எத்தினை?"

"எனக்கென்ன தெரியும்?"

"பதினாலு. சொத்துப் பட்டியல் இருக்குது, பாருங்கோ. சனிக்கிழமை வெளியில போனது எத்தினை?"

"பதினாலு எண்டுதானே எழுதிக் கிடக்கு."

"இப்ப உங்கட முன்னால நிக்கிறது?"

கதிர்காமநாதன் பலகைகளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். "ரெண்டு."

"பதினாலும் ரெண்டும் பதினாறு. நாங்கள் பதினாறு ஒருநாளும் வைச்சிருக்கேல்லை. அப்ப லான்ட்மாஸ்டரில போன பதினாலில ரெண்டு பலகை இல்லை. அது உங்கட கதவின்ர ரெண்டு பக்கமும். எல்லாரும் எது காணேல்லை எண்டு தேடுறம். எது இருக்குதெண்டு ஒருத்தரும் பாக்கேல்லை."

கதிர்காமநாதன் விரலை மடக்கி ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு தன் இயல்புக்குத் திரும்பினார். "இவனே ஞாயிற்றுக்கிழமை கதவை எடுத்திட்டு, ரெண்டு பலகையை ஒளிச்சு வைச்சு..."

"அப்பிடியெண்டால் சனிக்கிழமை பன்னிரண்டுதான் போயிருக்கும். பதினாலுக்குத் தச்சர் ஏன் கையெழுத்து வைச்சவர்? இன்னொண்டும் சொல்லுறன். செவ்வாய்க்கிழமை அந்தப் பொதியை அசைக்க ரெண்டு பேர் தேவைப்பட்டது. இண்டைக்கு அண்ணை தனியத் தூக்கியந்தவர், உங்கட கண்ணுக்கு முன்னால. களவெடுத்தவர் எண்டால் ஒரு முக்கல் முனகலாவது நடிச்சிருக்க மாட்டாரோ?"

தங்கராசா தன் தோளைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் அதைக் காய்ஞ்சு போச்சாக்கும் எண்டு நினைச்சன்."

"தண்ணிப் பவுசர் லொறி வந்த நேரம் நீங்கள் எங்கை நிண்டனீங்கள் அண்ணை?"

"கேற்றடியில. பிறகு தண்ணித் தொட்டியடியில. அரை மணித்தியாலம்." அவர் முகம் மாறியது. "பின்னறை திறந்து கிடந்தது. அவை ரெண்டு பேரும் உள்ள."

"அப்புத்துரை," என்றாள் ஜெயரூபி. "இண்டைக்குப் பின்னேரம் வந்து உறையைப் பிரிக்க வேண்டியவரும் அவர்தான். வேற கதவைப் பூட்டிவிட்டால் செவ்வாய்க்கிழமை ஆருக்குத் தெரியும்? நீங்கள் ஒரு நாள் முந்தி வந்து அவற்ர திட்டத்தைக் குழப்பிப்போட்டியள்."

"பாத்தியே, செவ்வாய் கூடாதெண்டு சொன்னன்," என்றார் கதிர்காமநாதன் வெற்றியோடு. தங்கராசாவின் பக்கம் அவர் திரும்பவில்லை.

காலை 11.30.

அப்புத்துரையின் வீடிருக்கும் கண்டாவளைக்குப் போகும் ஓட்டோவில் மூன்று பேர் நெருக்கியடித்து இருந்தார்கள். நடுவில் ஜெயரூபி. ஒருபக்கம் குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் கதிர்காமநாதன். மறுபக்கம் இடுப்புத் திறப்பைக் கையால் பொத்திக்கொண்டு தங்கராசா. இரண்டு பக்கமும் வயல்கள் வெள்ளத்துக்குள் பச்சையாய் நின்றன. குழிக்குக் குழி ஓட்டோ தூக்கிப் போட்டது. கதிர்காமநாதன் குழிக்குக் குழி "என்ர அப்பா செய்விச்ச கதவு" என்றார்.

ஜெயரூபிக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அப்புத்துரை இருபது வருடத்துக்கு மேலாகப் பேர் எடுத்த தச்சர். ஒரு கதவுக்கு ஆசைப்பட்டு அந்தப் பேரைக் கெடுக்கிற ஆள் இல்லை. வீட்டு வாடகை உடன்படிக்கையின் பின்னிணைப்பை மடியில் விரித்தாள். வீட்டை எடுத்தபோது இருந்த குறைகளையெல்லாம் கதிர்காமநாதன் தானே ஒன்றுவிடாமல் எழுதுவித்த தாள் அது. ஏழாவது விடயம்: "முன்கதவு, இரட்டை, முதிரை. பிணைச்சல் ஓரத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று இடங்களில் மரத்துண்டு வைத்து அடைக்கப்பட்டுள்ளது. அடி, ஓர் அங்குலம் அறுக்கப்பட்டுள்ளது." நூறு தடவை படித்த வரி. படித்திருக்கிறாள், கதவை நிலையில் தொங்கவிடும் அந்தப் பிணைச்சலைப் பற்றி யோசித்ததில்லை.

"ஐயா, இந்த அடைப்பு என்னத்துக்கு?"

"பழைய மரம். ஓட்டை விழுந்திருக்கும்."

"பிணைச்சல் வெட்டின இடத்தின்ர அளவுக்கு, மூண்டு மூண்டா ஓட்டை விழுமோ?"

அவர் வயலைப் பார்த்தார்.

"இந்த வீட்டுக்கெண்டு செய்த கதவை ஏன் அடியில அறுத்தனீங்கள்?"

வெள்ளத்தில் நின்ற கொக்கு ஒன்று அவருடைய கவனத்தை முழுதாக இழுத்துக்கொண்டதுபோல அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பகல் 12.25.

அப்புத்துரை ஒளிக்கவில்லை. அவருடைய வீட்டு முன்வாசலில் முதிரைக் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து நின்றது. வாசலின் ஓரத்தில் துருப்பிடித்த தகரம் ஒன்று கழற்றிப் போடப்பட்டிருந்தது. அவர் முற்றத்தில் ஒரு பலாமரக் கதவுக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேரையும் கண்டதும் நிமிர்ந்து கையைத் துடைத்தார்.

"பின்னேரம் வாறனெண்டுதானே சொன்னனான், பிள்ளை."

"நாங்கள் முந்திட்டம். அப்புத்துரை அண்ணை, நீங்கள்தான் எடுத்தனீங்கள்."

"ஓம்."

"ஓமாம்!" என்று குதித்தார் கதிர்காமநாதன். "கேட்டியளே? ஓமாம்!"

"நான் செய்த கதவு," என்றார் அப்புத்துரை. "ரெண்டாயிரத்தாறில, இந்தக் கையால, இந்த நிலைக்கு. எட்டாம் ஆண்டு மார்கழியில சண்டைக்கு வெளிக்கிடேக்கை இழுத்துச் சாத்திப்போட்டுப் போனனான். பத்தாம் ஆண்டு வந்து பாக்க நிலை மட்டும் நிண்டது. சனிக்கிழமை உங்கட உறையைப் பிரிச்சன். என்ர உளி வெட்டினது எனக்குத் தெரியாதே? ஆரோ அடைச்சிருந்த துண்டுகளைத் தட்டிவிட்டுப் பிணைச்சலை வைச்சன். நிலையில பழைய வெட்டோட அப்பிடியே பொருந்திச்சு. அடியில ஆரோ அறுத்த ஒரு அங்குலம் மட்டும்தான் இடைவெளி. சீவத் தேவைப்படேல்லை."

"என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றாள் ஜெயரூபி.

"நீங்கள் தாளைப் பாக்கிற ஆள். தாளில ஐயான்ர கதவெண்டு கிடக்கு. நான் வாயாலை சொன்னால் எடுபடுமோ?"

ஜெயரூபிக்குக் கோபம் பொங்கியது. பாதி அவர்மேல், பாதி அது உண்மை என்பதில். "எடுபடுமோ இல்லையோ, உங்கட வேலையால இந்த மனுசனைக் கள்ளனெண்டு ஒழுங்கை முழுக்கக் கேட்டுது! நாளையிண்டைக்கு அவருக்கு வேலை தொடங்குது. அதை யோசிச்சனீங்களோ?"

அப்புத்துரை தங்கராசாவைப் பார்த்தார். இப்போதுதான் விளங்கியது போலிருந்தது. "அண்ணை... மருமகனும் நானும் ரெண்டு நாள் ராப்பகலாச் செய்த பலாக் கதவைப் பின்னேரமே பூட்டிவிடுவன், ஒருத்தருக்கும் தெரியவராது எண்டு நினைச்சன். உங்கட தலையில விழுமெண்டு நினைக்கேல்லை. என்ர பிழை."

தங்கராசா தலையை மட்டும் அசைத்தார்.

கதிர்காமநாதன் கதவடிக்குப் போயிருந்தார். ஒரு பக்கத்தை விரலால் தள்ளினார். அது சத்தமில்லாமல் போய் நிலையில் பொருந்தியது. திறந்தார். மறுபடி தள்ளினார். "என்ர வீட்டில இது எண்டைக்கும் இழுபட்டுத்தான் மூடும்," என்றார் யாரிடமும் இல்லாமல்.

"எங்கை வாங்கினனீங்கள் ஐயா?" என்று கேட்டாள் ஜெயரூபி.

"வவுனியாவில. பழைய யன்னல் கதவு வித்தவங்கள். ஆற்ரை எண்டு நான் கேக்கேல்லை. அந்த நேரம் ஒருத்தரும் கேக்கேல்லை."

"அப்பா செய்விச்சது?"

"அதுவும் இருந்ததுதான். பாலை மரம். நாங்கள் திரும்பி வரேக்கை இல்லை. எந்த ஊரில ஆற்ரை வாசலில நிக்குதோ."

ஜெயரூபி பின்னிணைப்பை மடித்தாள். "இனிச் சொல்லுங்கோ. பொலிசுக்குப் போறதெண்டால் நானும் வாறன். ஏழாவது விடயத்தை வாசிச்சுக் காட்டுவன். எங்கை வாங்கினது, ஆரிட்டை வாங்கினது எண்டு அவை உங்களைக் கேப்பினம். இல்லாட்டி இந்தப் பலாக் கதவு. புதுசு. உங்கட நிலைக்கு அளந்து செய்தது."

கதிர்காமநாதன் பலாக் கதவைத் தட்டினார், முகர்ந்தார், ஓரத்தில் கண்ணை வைத்து வளைவு பார்த்தார். ஐந்து நிமிடம் குறை தேடினார். கிடைக்கவில்லை.

"எப்ப பூட்டுவாய்?"

"நாளைக்குக் காலமை..." என்று தொடங்கினார் அப்புத்துரை.

"செவ்வாய்க்கிழமையோ?"

ஜெயரூபி கண்ணை மூடித் திறந்தாள். "இண்டைக்கு! லான்ட்மாஸ்டரை எடுங்கோ. இப்பவே!"

பிற்பகல் 4.50.

கண்ணாடிக் கதவு கழன்றது. பலாக் கதவு நின்றது. கதிர்காமநாதன் பட்டியலின் கடைசி விடயத்துக்குப் பக்கத்தில் "மாற்றுக் கதவு, என் சம்மதத்துடன்" என்று தன் கையாலேயே எழுதி ஒப்பமிட்டார். ஜெயரூபி மூன்று கிழமையில் முதல் தடவையாக முதுகைக் கதிரையில் சாய்த்தாள்.

"திறப்பைத் தா," என்று கதிர்காமநாதன் தங்கராசாவிடம் கையை நீட்டினார். "பொழுதுபடப் போகுது. கடைசி பஸ் போயிடும்."

தங்கராசா இடுப்பிலிருந்து திறப்புக் கொத்தை அவிழ்த்தார். கொடுக்கவில்லை.

"ஐயா, நீங்கள் இந்த வீட்டை என்னெண்டு தந்தியளோ அப்பிடியே எடுத்திட்டியள். ஆணி அடிச்ச ஓட்டைகூட அடைச்சாச்சு. காலமை என்னைக் கள்ளனெண்டனீங்கள். அதையும் பழையபடி ஆக்கிவிட்டுப் போங்கோ."

"அதுதான் நீயில்லை எண்டு தெரிஞ்சிட்டுதே!"

"எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியும். தேத்தண்ணிக் கடைக்குத் தெரியாது. களஞ்சியத்தில வேலை செய்யிற பெடியன் ஒருத்தனும் காலமை அந்த வாங்கிலதான் இருந்தவன்."

கதிர்காமநாதன் ஜெயரூபியைப் பார்த்தார். அவள் பட்டியலைக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தாள். றிஃபாத்தைப் பார்த்தார். அவன் தூரிகையைக் கழுவுவதை நிறுத்திவிட்டு வசதியாகக் குந்தியிருந்தான்.

அவர் விறாந்தை விளிம்புக்குப் போனார். எதிரே பின்னேரத் தேத்தண்ணிக்குக் கூட்டம் இருந்தது. தொண்டையைச் செருமினார். "தங்கராசா எடுக்கேல்லை," என்றார்.

பக்கத்தில் நின்ற றிஃபாத்துக்கே அது சரியாகக் கேட்கவில்லை.

"காணாது, ஐயா," என்றார் தங்கராசா. "காலமை இதைவிட நல்லாக் கத்தினீங்கள்."

கதிர்காமநாதன் மூச்சை இழுத்தார். "தங்கராசா களவெடுக்கேல்லை! நான் சொன்னது பிழை! கேட்டுதோ?"

கடையிலிருந்து ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையை உயர்த்தினார். "கேட்டுது, முகாமையாளர்! கதவை ஆர் எடுத்ததாம்?"

"அது என்ர கதவில்லை!" என்றார் கதிர்காமநாதன், அதே குரலில்.

தங்கராசா திறப்புக் கொத்தை அவருடைய உள்ளங்கையில் வைத்தார். பிறகு கேற் கொப்பியைத் திறந்து, நேரத்தைப் பார்த்து, எழுதினார்: "5.05. காவலாளி வெளியே."